உள்ளங்கை அரித்தால் பணம் வரும் என்றோம்

2023 டிசம்பர் முழுக்க நான் கைகளைப் படமெடுத்துக்கொண்டிருந்தேன்.

மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக வந்த எண்ணெய், எண்ணூர் முகத்துவாரத்தில் படலம் படலமாகக் கிடந்தது. மீனவர்கள் படகில் போய் மக்காலும் பக்கெட்டாலும் அதை மொண்டு பீப்பாயில் ஊற்றினார்கள். சீக்கிரமே பலருக்குக் கையில் தடிப்பு வந்தது, அரிப்பு வந்தது, தோல் உரிந்தது. மனு போட ஆதாரம் வேண்டும். "கையக் காட்டுண்ணா, இந்தாண்ட திருப்புண்ணா" என்று குப்பம் குப்பமாகப் போய்ப் படமெடுத்தேன். காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், தாழங்குப்பம் என்று என் செல்போனில் நூற்று நாற்பது உள்ளங்கைகள் சேர்ந்தன.

நூற்று நாற்பத்தோராவது உள்ளங்கை எர்ணாவூரில் எங்கள் வீட்டிலேயே இருந்தது. என் அண்ணிக்கு அப்போது எட்டாம் மாதம்.

ஒருநாள் சாயங்காலம் அரிசி களைந்துகொண்டே, "ரெண்டு நாளா உள்ளங்கை அரிக்குது" என்றார். வெள்ள நிவாரணமாக அரசு ஆறாயிரம் ரூபாய் கொடுக்கும் என்று ரேஷன் கடையில் டோக்கன் போட்டுக்கொண்டிருந்த நேரம் அது. "உள்ளங்கை அரிச்சா பணம் வரும் அண்ணி. ஆறாயிரம் வரப்போவுது" என்றேன். வீட்டில் எல்லோரும் சிரித்தோம். அண்ணியும் சிரித்தார்.

அந்தச் சிரிப்பிலிருந்துதான் இதை எழுதுகிறேன். என் வீட்டுக்காக மட்டும் எழுதவில்லை. எங்கள் தெருவில், பக்கத்துக் குப்பத்தில், ராயபுரத்துச் சந்துகளில் இதே சிரிப்பைச் சிரித்தவர்கள் எத்தனையோ பேர். பெயர் போட்டுச் சொல்ல மாட்டேன். நாங்கள் என்றே சொல்கிறேன்.

*

அண்ணன் டிரெய்லர் ஓட்டுகிறவர். துறைமுகத்துக்குள் நுழைய எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்பதை இந்தப் பக்கம் வந்தவர்கள் பார்த்திருப்பார்கள். அந்த வரிசையில்தான் அவருக்குப் பாதி ராத்திரிகள் போகும். அதனால் அண்ணிக்குத் துணையாக நான் அதே அறையில் படுப்பேன்.

ராத்திரி பன்னிரண்டு, ஒரு மணிக்குச் சத்தம் கேட்கும். சீப்பால் உள்ளங்கையைச் சொரியும் சத்தம். கொஞ்ச நாளில் உள்ளங்காலுக்கும் வந்துவிட்டது. தரையில் உட்கார்ந்து, பக்கெட் தண்ணீரில் இரண்டு காலையும் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருப்பார். பகலில் அவ்வளவாகத் தெரியாது. விளக்கணைத்த பிறகுதான் ஆரம்பிக்கும். நான் மனுவுக்குத் தட்டச்சு செய்துகொண்டே, "கொஞ்சம் தூங்கேன் அண்ணி" என்பேன். அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னதாக நினைத்திருந்தேன். சத்தம் எனக்கு இடைஞ்சலாக இருந்தது என்பதுதான் உண்மை.

ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தோம். அம்மா, "சூட்டு அரிப்பு, வெந்தயம் ஊறவச்சிக் குடி" என்றார். மார்கழிப் பனியில் எங்கிருந்து சூடு வந்தது என்று யாருக்கும் உறுத்தவில்லை. எதிர்வீட்டு ஆயா, "எண்ணெத் தண்ணி பட்டிருக்கும்" என்றார். கொசு என்றார் ஒருவர். லாரித் தண்ணீரில் குளோரின் ஜாஸ்தி என்றார் இன்னொருவர். மெடிக்கலில் ஆயின்ட்மென்ட் வாங்கி வந்தோம், சோப்பை மாற்றினோம்.

காசிமேட்டிலிருந்து அண்ணியின் அம்மா வந்திருந்தபோது, "இவ வயித்துல இருக்கசொல்ல எனக்கும் இப்பிடித்தான் கையும் காலும் அரிச்சிது. புள்ள பொறந்ததும் தானா நின்னுபோச்சி" என்றார். அதைக் கேட்டு நாங்கள் எல்லோரும் நிம்மதியாக மூச்சுவிட்டோம். தாய்க்கு இருந்தது மகளுக்கு வந்திருக்கிறது என்ற அந்த ஒரு தகவலே எங்களை உடனே ஆஸ்பத்திரிக்குத் துரத்தியிருக்க வேண்டும். நாங்கள் அதைத் தலைக்கு வைத்துத் தூங்கினோம்.

பொங்கலுக்கு நாலு நாள் இருந்தது. காலையிலிருந்து வயிற்றில் அசைவில்லை என்றார். போனோம். வயிற்றில் கருவியை வைத்து வைத்துப் பார்த்தார்கள். துடிப்பு கேட்கவில்லை.

அண்ணியின் கையில் இருந்த கீறல்களைப் பார்த்துவிட்டு அந்த மருத்துவர் எங்களிடம் மூன்று கேள்விகள் கேட்டார். எத்தனை நாளாக அரிப்பு? முதலில் எங்கே ஆரம்பித்தது? ராத்திரியில் அதிகமா? வாசலில் நாங்கள் ஆறு பேர் நின்றோம். ஆறு பேருக்கும் மூன்றுக்கும் பதில் தெரிந்திருந்தது.

எங்கள் குற்றம் அந்தத் தெரிந்திருத்தல்தான். ஒரு மாதமாக நாங்கள் வெறும் புலம்பலாகக் கேட்டுக்கொண்டிருந்ததை, ஒருவர் நோயின் அடையாளமாக ஒரு நிமிடத்தில் கேட்டு வாங்கிக்கொண்டார்.

*

அதற்குப் பெயர் கர்ப்பகாலப் பித்தத் தேக்கம். மருத்துவர்கள் கொலஸ்டாசிஸ் என்கிறார்கள். நேற்றுக் கண்டுபிடித்த நோயும் இல்லை. 1883இலேயே ஆல்ஃபெல்ட் என்ற ஜெர்மானிய மருத்துவர் இதை எழுதி வைத்திருக்கிறார்.

கல்லீரல் பித்தநீரைச் சுரந்து, குழாய் வழியே குடலுக்கு அனுப்புகிறது. நாம் தின்னும் கொழுப்பைக் கரைப்பது அதிலுள்ள பித்த அமிலங்களின் வேலை. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் உச்சத்துக்கு ஏறுகின்றன. சில பெண்களின் கல்லீரல் அந்த ஏற்றத்தைத் தாங்காமல் பித்தத்தை வெளியேற்றுவதில் மந்தமாகிவிடுகிறது. பித்தத்தைக் கடத்தும் புரதங்களை உருவாக்கும் மரபணுக்களில் சின்ன மாற்றம் உள்ளவர்களுக்கு இது வர வாய்ப்பு கூடுதல். தாய்க்கோ அக்காவுக்கோ இருந்திருந்தால், இரட்டைக் குழந்தை என்றால், ஏற்கெனவே பித்தப்பையில் கல்லோ ஹெபடைடிஸ் சி தொற்றோ இருந்தால், முந்தைய பிரசவத்தில் வந்திருந்தால், இன்னும் கூடுதல்.

குடலுக்குப் போக வேண்டியது ரத்தத்தில் தேங்குகிறது. தாய்க்கு அது அரிப்பாகத் தெரிகிறது. பெரும்பாலும் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தொடங்கும், ராத்திரியில் கூடும். தோலில் தடிப்போ கொப்புளமோ இருக்காது, சொரிந்த கீறல் மட்டும்தான். சிலருக்குச் சிறுநீர் அடர் மஞ்சளாகப் போகும், மலம் வெளுக்கும். கண் மஞ்சளாவது சிலருக்கு மட்டுமே. பிரசவமானதும் தாய்க்கு அரிப்பு நின்றுவிடும். அதனால்தான் எங்கள் காசிமேட்டு அத்தைக்கு அது நோயாகவே நினைவில் இல்லை.

ஆனால் தாயின் ரத்தத்தில் ஏறிய அந்த அமிலம் நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்கும் போகிறது. பிள்ளையின் இதயத் துடிப்பின் ஒழுங்கை அது குலைக்கிறது, நஞ்சுக்கொடியின் ரத்த நாளங்களைச் சுருக்குகிறது என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள். குறைமாதப் பிரசவம் வரலாம், பிள்ளை வயிற்றிலேயே மலம் கழித்துவிடலாம். சில பிள்ளைகள், முதல் நாள் வரை நன்றாக உதைத்துக்கொண்டிருந்துவிட்டு, திடீரென்று அடங்கிப்போகின்றன.

எந்தத் தாய்க்கு ஆபத்து அதிகம் என்பதை ஒரு ரத்தப் பரிசோதனை சொல்லிவிடும். பல நாடுகளின் தரவுகளைச் சேர்த்து 2019இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு கணக்கைத் தெளிவாகவே வைத்தது. பித்த அமிலம் லிட்டருக்கு 40 மைக்ரோமோலுக்குக் கீழே இருந்தால் பிள்ளை இறந்து பிறக்கும் வாய்ப்பு 0.13 சதவீதம். அது மற்றக் கர்ப்பிணிகளுக்கு உள்ளதைவிட அதிகமில்லை. 40இலிருந்து 99 வரை 0.28 சதவீதம். 100ஐத் தாண்டினால் 3.44 சதவீதம். ஏறத்தாழ முப்பது பேரில் ஒருவர்.

அண்ணிக்கு ரத்தம் எடுத்து, அண்ணன் அந்தக் குழாயை ஆட்டோவில் வெளி லேபுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். ரிசல்ட் 130க்கு மேல் இருந்தது. ஒரு மாதம் முன்னால் போயிருக்க வேண்டிய ஆட்டோ அது.

தமிழில் பித்தத்துக்கு என்ன பஞ்சம்? தலை சுற்றினால் பித்தம், வாந்தி வந்தால் பித்தம், இளநரைக்குப் பித்தம், கிறுக்கனுக்குப் பித்தன். எல்லாவற்றுக்கும் பித்தம் என்று சொல்லும் நாங்கள், நிஜமாகவே பித்தம் ரத்தத்தில் ஏறி நின்றபோது மட்டும் அதைச் சூடு என்றோம்.

*

ஏன் எங்களுக்குத் தோன்றவில்லை என்று யோசித்தால் முதலில் எங்கள் ஊர்தான் நினைவுக்கு வருகிறது.

எங்கள் ஊரில் எந்த அரிப்புக்கும் வெளியே ஒரு குற்றவாளி தயாராக இருக்கிறான். எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இலிருந்து 2017 வரை ஓடியது. அது நின்ற பிறகும் அத்திப்பட்டிலும் வல்லூரிலும் நிலக்கரி எரிகிறது. கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் படிகிறது. 2017 ஜனவரி 28 அன்று துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது எர்ணாவூர்க் கரையில் பக்கெட்டால்தான் அள்ளினோம். 2023 டிசம்பர் 26 நள்ளிரவு, பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் ரோட்டில் ஓடினார்கள்.

அந்த ராத்திரி நாங்கள் அண்ணியிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "மூச்சு முட்டுதா?" இல்லை என்றார். நல்லது என்று விட்டுவிட்டோம். அப்போதும் அவர் கால் பக்கெட்டில்தான் இருந்தது.

புகைபோக்கியைக் குற்றம் சொல்வது எங்களுக்குத் தப்பில்லை. அது செய்த குற்றங்கள் நிறைய. ஆனால் வெளியே கைநீட்டிப் பழகிய கை உள்ளே திரும்பவில்லை. உடம்புக்குள்ளிருந்தும் ஒரு அரிப்பு வரலாம் என்பதற்கு எங்கள் கணக்கில் இடமே இல்லாமல் போயிற்று. எல்லா உபாதைக்கும் ஒரே எதிரி என்று முடிவு செய்துவிட்டால், அந்த எதிரி செய்யாத கொலையும் அவன் கணக்கிலேயே போய்விடும். உண்மையில் கொன்றது எதுவென்று யாரும் தேட மாட்டார்கள்.

மனு எழுதுகிற எங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் மனுக்களில் ஒரு வரி தவறாமல் வரும்: குழந்தைகள், முதியோர், கர்ப்பிணிகள் ஆகியோர் பெரிதும் பாதிக்கப்படுகின்றனர். கர்ப்பிணிகள் என்ற மூன்றாவது சொல்லை நான் எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. அந்தச் சொல் ஒரு மாதமாக என் பக்கத்துப் பாயில் தூங்காமல் உட்கார்ந்திருந்தது.

எல்லாம் முடிந்த பிறகு செல்போனில் பழைய படங்களைப் பார்த்தேன். தெருவில் நடந்த கூட்டத்தன்று எடுத்த ஒரு படத்தில், எண்ணெய் படிந்த நாலைந்து கைகளுக்கு நடுவே ஒரு கை டீ டம்ளர்களை நீட்டிக்கொண்டிருக்கிறது. மணிக்கட்டிலிருந்து மேலே கோடு கோடாகச் சிவந்த கீறல். மனுவோடு இணைத்த படத்தில் அந்தக் கை இல்லை. எண்ணெய் படாத கை என்று நான்தான் வெட்டியெடுத்திருந்தேன்.

*

வீட்டுப் பெண்களான எங்கள் பங்கு என்ன? ஏழாம் மாதம் வளைகாப்பு வைத்தோம். இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல் அடுக்கினோம். அடுத்த மாதம் அந்தக் கைகள் அரித்தபோது, வளையலைக் கழற்றி வைத்துவிட்டுச் சொரிந்தார். கழற்றக் கூடாதென்று திட்டினோம். தாங்க முடியாமல் அழுதபோது, "புள்ள பெக்கறதுன்னா சும்மாவா" என்றோம். பொறுத்துக்கொள்வதைத்தான் நாங்கள் தாய்மைக்குப் பாடமாக வைத்திருக்கிறோம். பொறுத்துக்கொள்ளக் கூடாதது எது என்று ஒரு வரிகூடச் சொல்லிக்கொடுத்ததில்லை.

ஆண்களைப் பற்றி என் அண்ணன் சொன்னதையே எழுதுகிறேன். "வண்டில சத்தம் மாறுனா நடுரோட்லயே எறங்கிப் பாப்பேன். வூட்ல சத்தம் மாறுச்சி, எறங்கல."

மாதாமாதம் பரிசோதனைக்கு அண்ணி போகாமல் இல்லை. கர்ப்பத்தைப் பதிந்து பிக்மி எண் வாங்கினார். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துப் பதினெட்டாயிரத்தில் எந்தத் தவணை எப்போது வரும் என்று வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். அட்டையில் எடை, பிரஷர், ரத்தத்தின் அளவு, சர்க்கரை, பிள்ளையின் துடிப்பு எல்லாம் எழுதியிருக்கிறது. அரிப்பு என்று எழுதவில்லை, ஏனென்றால் அவர் சொல்லவில்லை. "ஏன் சொல்லலே?" என்று பிற்பாடு கேட்டேன். "காலைலேர்ந்து கூட்டம். அரிக்குதுன்னு சொன்னா சிரிப்பாங்கன்னு நெனச்சேன்" என்றார். முதலில் சிரித்தது யார்? நான். அந்தச் சிரிப்புதான் அங்கே அவர் வாயைக் கட்டியது.

இருக்கிற வசதியைக் குறை சொல்லவும் எங்களுக்கு வாயில்லை. ராயபுரத்தில் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை இருக்கிறது. ராஜா சர் சவலை ராமசாமி முதலியார் பெயரைத் தாங்கி, தலைமுறை தலைமுறையாக எங்கள் பக்கத்துப் பெண்களுக்குப் பிரசவம் பார்த்த இடம். அது ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தது. ஸ்டான்லியை எங்கள் ஆயாக்கள் இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். அங்கே கல்லீரல் மாற்று அறுவைச் சிகிச்சையே நடக்கிறது. பிரசவத்துக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரி, கல்லீரலுக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரி, இரண்டுக்கும் நடுவே ஷேர் ஆட்டோ தூரம். பிரசவத்தையும் கல்லீரலையும் சேர்த்து நினைக்க எங்களுக்குத்தான் தெரியவில்லை.

தமிழ்நாட்டுக்குப் பெருமைப்பட நிறைய உண்டு. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இங்கே 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. 2018–20 கணக்கில், லட்சம் உயிருள்ள பிறப்புக்கு இந்தியாவில் 97 தாய்மார்கள் இறந்தபோது இங்கே 54. ஆனால் என் அண்ணி உயிரோடு வீடு திரும்பிவிட்டதால் இந்த இரண்டு எண்ணிலுமே எங்கள் வீடு வெற்றிக் கணக்கில்தான் இருக்கிறது. பெயர் வைக்காத பிள்ளையை அந்த எண்கள் எண்ணுவதில்லை. நாங்களும் எண்ணவில்லை. "தாயாவது பொழச்சாளே" என்று சொல்லி ஒரே வாரத்தில் அந்தப் பேச்சை மூடினோம்.

*

பித்தத் தேக்கம் ஒன்றோடு எங்கள் அலட்சியம் முடிந்துவிடவில்லை. கர்ப்பிணியின் கல்லீரல் எச்சரித்த இன்னும் இரண்டு விஷயங்களுக்கும் நாங்கள் கைவசம் பெயர் வைத்திருக்கிறோம்.

ஒன்று மஞ்சள் காமாலை. கண் மஞ்சளானால் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுக்கிற ஊர் எங்களுடையது. காமாலைக்கு மருந்து கொடுக்கும் வீடு எந்தச் சந்தில் என்று பத்து வயதுப் பையன்கூட வழிகாட்டுவான். பத்தியம் வைப்பார்கள், உப்பைக் குறைப்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு அது தானாகவே சரியாகிவிடும், பேர் கீழாநெல்லிக்குப் போகும். கர்ப்பிணிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

சாக்கடை கலந்த குடிநீரில் வரும் ஹெபடைடிஸ் ஈ என்ற வைரஸ், ஊரில் நூறு பேருக்கு வந்தால் அநேகமாக எல்லோரும் எழுந்து நடப்பார்கள். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் இருக்கும் பெண்ணுக்கு வந்தால் 20 முதல் 25 சதவீதம் வரை இறக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 1955–56இல் யமுனையில் கலந்த கழிவு டெல்லிக் குடிநீரில் ஏறி 29,000 பேருக்குக் காமாலை வந்ததே, அது இந்த வைரஸ்தான் என்று பிற்காலத்தில் தெரிந்தது. 1978இல் காஷ்மீரில் பரவியபோது கர்ப்பிணிகள் மட்டும் அதிகமாக இறப்பதைக் கவனித்து, இது அதுவரை அறிந்திராத புது வகைக் காமாலை என்று எழுதியவர் முகம்மது சுல்தான் குரூ என்ற மருத்துவர்.

நாங்கள் குடிப்பது எந்தத் தண்ணீர்? மழைக்காலத்தில் மெட்ரோ குழாயில் நாற்றமடித்தால் முதல் இரண்டு குடத்தைக் கொட்டிவிட்டு மூன்றாவதைப் பிடித்துவைப்போம். அதில் குழம்பு வைக்கலாம், துணி துவைக்கலாம், அவசரத்துக்குக் குடிக்கலாம். இந்த வைரஸ் உடம்புக்குள் போன பிறகு நோய் தெரிய இரண்டு முதல் பத்து வாரம் ஆகும். டிசம்பர் வெள்ளத்தில் குடித்த தண்ணீருக்கு ஜனவரியிலோ பிப்ரவரியிலோதான் பதில் வரும். அதற்குள் தெருவில் நின்ற சேறு காய்ந்திருக்கும், நாங்களும் மறந்திருப்போம். கர்ப்பிணிக்குத் தண்ணீரைக் காய்ச்சிக் கொடுங்கள் என்று நர்ஸம்மா சொல்லாமல் இல்லை. தலையாட்டினோம். சிலிண்டர் கணக்கு பார்த்து, டீக்கு மட்டும் அடுப்பைப் பற்றவைத்தோம்.

எட்டாம் மாதம், ஒன்பதாம் மாதம் வாந்தி வந்தால், சாப்பாடு இறங்காவிட்டால், "மசக்கை திரும்ப வந்திருக்கு" என்று பேசுவதும் எங்கள் வழக்கம். மசக்கைக்கு மாதக் கணக்கு உண்டு. அது முன்பாதியில் வருவது. கடைசி மாதத்து வாந்தி கல்லீரலின் எச்சரிக்கையாகவும் இருக்கலாம்.

இரண்டாவது பெயர் வாயு. வலது விலாவுக்குக் கீழே, மேல்வயிற்றில் வலித்தால் ஓமத் தண்ணீர் கொடுப்போம், சோடா வாங்கிக் கொடுப்போம். கல்லீரல் இருப்பது அங்கேதான் என்பது நினைவுக்கு வராது. ரத்த அழுத்தம் ஏறி, ரத்தத்தட்டுகள் குறைந்து, கல்லீரல் வீங்கும் ஹெல்ப் என்ற நிலையும் அந்த வலியோடுதான் வருகிறது. கடைசி மாதங்களில் கல்லீரலில் திடீரெனக் கொழுப்பு ஏறி, தாயின் ரத்தம் உறையும் தன்மையை இழந்து, சர்க்கரை இறங்கி, சிறுநீரகமும் கெடுகிற அரிய நோயும் வாந்தியும் வயிற்று வலியுமாகத்தான் தொடங்குகிறது. இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றுதான்: நிலைமையைப் பார்த்துப் பிள்ளையைச் சீக்கிரம் வெளியே எடுப்பது. மணிக் கணக்கில் முடிவெடுக்க வேண்டிய இடத்தில் நாங்கள் ஓமத்தைக் கொதிக்க வைத்துக்கொண்டிருப்போம்.

*

இதைப் படித்துவிட்டு அரிக்கிற பெண்கள் எல்லோரும் பயந்து சாக வேண்டாம். கர்ப்பிணிகளில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு எங்காவது அரிக்கும். வயிற்றுத் தோல் விரிவதாலும் அரிக்கும். பித்தத் தேக்கம் அவர்களில் கொஞ்சம் பேருக்குத்தான். இங்கிலாந்தில் எல்லா இனத்தவரையும் சேர்த்துப் பார்த்தால் கர்ப்பிணிகளில் 0.7 சதவீதம். அங்கேயே இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளிப் பெண்களுக்கு 1.2 முதல் 1.5 சதவீதம். கூடுதலாகக் கவனிக்க வேண்டியவர்கள் நாங்கள்.

கவனிப்பதற்குப் பெரிய படிப்பும் தேவையில்லை. எங்கே அரிக்கிறது, எப்போது அரிக்கிறது, தடிப்பு உண்டா என்று கேட்டால் போதும். தடிப்பில்லாமல் உள்ளங்கை, உள்ளங்காலில், ராத்திரியில் என்றால், அன்றே போய்க் கல்லீரல் பரிசோதனையும் பித்த அமிலப் பரிசோதனையும் கேட்க வேண்டும். முதல் ரிசல்ட் சரியாக இருந்தும் அரிப்பு நிற்காவிட்டால் மறுபடி பார்க்கச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அரிப்பு முந்திக்கொள்ளும், எண் பின்னால் வரும்.

மாத்திரை இருக்கிறதே என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உர்சோ என்று எழுதித் தரும் மாத்திரை அரிப்பைக் கொஞ்சம் தணிக்கலாம். ஆனால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 33 மருத்துவமனைகளில் 605 பெண்களை வைத்து நடத்தி 2019இல் வெளிவந்த ஆய்வில், பிள்ளைக்கு வரும் ஆபத்தை அது குறைக்கவில்லை. பிள்ளையைக் காப்பது, எண்ணைத் தொடர்ந்து பார்த்து, சரியான வாரத்தில் பிரசவம் செய்வதுதான். 100ஐத் தாண்டியவர்களுக்கு 35, 36ஆம் வாரத்திலேயே பிரசவம் செய்ய யோசிக்கச் சொல்கிறது பிரிட்டிஷ் மகப்பேறு மருத்துவர் கல்லூரியின் வழிகாட்டி. அண்ணிக்கு அந்த வாரங்கள் வந்தன, போயின. அப்போது நாங்கள் நிவாரணப் பட்டியலில் யார் பெயர் விட்டுப்போனது என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த ஆறாயிரம் வந்தது. சொன்னபடியே உள்ளங்கை அரித்துப் பணம் வந்துவிட்டது. அதில் அண்ணிக்கு இரண்டு நைட்டி வாங்கினோம். பிள்ளைக்குக் கொசுவலைத் தொட்டில் வாங்கினோம்.

இப்போது அண்ணி மறுபடி முழுகாமல் இருக்கிறார். ஆறாம் மாதம் நடக்கிறது. ஒருமுறை வந்தது மறுபடியும் வர நிறைய வாய்ப்புண்டு என்று சொல்லியிருக்கிறார்கள். அட்டையின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதித் தந்திருக்கிறார்கள், ரத்தப் பரிசோதனைக்குத் தேதி குறித்திருக்கிறார்கள். அண்ணன் ராத்திரி ஷிப்டை மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டார். காசிமேட்டு அத்தை தன் இரண்டாவது மகளையும் கூட்டிவந்து, "இவ கார்டுலயும் எழுதச் சொல்லு" என்றார்.

அம்மா இப்போதெல்லாம் அண்ணியின் அறை வாசலில்தான் பாய் போடுகிறார். நேற்று ராத்திரி ஏதோ சத்தம். நான் எழுந்திருப்பதற்குள் அம்மா விளக்கைப் போட்டுவிட்டார். அண்ணி போர்வையை உதறி விரித்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். "ஒண்ணுமில்ல அத்தை, படுங்க" என்றார். அம்மா படுக்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, அண்ணியின் இரண்டு கைகளையும் விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.